வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த காது

நம் வேலைக்கூடத்தில் கிழக்குப் பார்த்து ஒரு ஜன்னல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதன் முன்னால் மட்டும் எதையும் வைத்துவிடாதீர்கள். எவ்வளவு பெரிய மெஷின் வந்து இறங்கினாலும் சரி, அதற்கு வேறு மூலை பாருங்கள். "வெளிச்சம் வேணும்னா எல்ஈடி இருக்கே, அந்த இடத்தை ஏன் சும்மா விட்டிருக்காங்க?" என்று உங்களில் யாரோ கேட்டதாகத் தகவல் வந்தது. நான் ஓய்வு பெற்றுப் போனவன், அதிகாரம் பண்ண முடியாது. ஆனால் நடந்ததைச் சொல்லலாம். வாய்க்கு யாரும் ஓய்வு கொடுத்து அனுப்பவில்லை.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருந்தவன். நெற்றியில் குலசாமி, பின்கதவில் ரோஜாப்பூ, பக்கவாட்டில் தோகை விரித்த மயில். என் மயில் ஓடாத மாநிலம் இல்லை என்று பட்டறையில் சொல்வார்கள். ஒரு நாள் அங்கே ஒரு அம்மா வந்தார். லாரிக்காரர் வீட்டு அம்மா என்று நினைத்து, "வண்டி எதுங்க?" என்று கேட்டேன். அவர் கைப்பையைத் திறந்து ஒரு விரலை எடுத்துப் பெயிண்ட் டப்பாவின் மேல் வைத்தார். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். சிலிக்கானில் செய்த விரல். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"மனுஷத் தோல் நிறம் கலக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்" என்றார். "படிச்சவங்க நாலு பேரைக் கேட்டுட்டேன். கம்பெனி கலர் அட்டையைப் பார்த்துக் கலக்குறாங்க. அந்த அட்டையில நம்ம ஊர்க்காரங்க ஒருத்தரும் இல்லை."

அவர் கையை நீட்டச் சொன்னேன். டப்பா மூடியைக் கவிழ்த்துப் போட்டு, மஞ்சள், செங்கல் சிவப்பு, கொஞ்சம் கறுப்பு, கடைசியில் ஊசி முனையளவு நீலம். "நீலமா?" என்று கண்ணை அகட்டினார். "நீலம் இல்லாத தோல் எதுங்கம்மா?" என்றேன். விரலில் பூசி அவர் விரல்களுக்கு நடுவில் வைத்தேன். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் சுத்தியலைப் போட்டுவிட்டு வந்து எண்ணிப் பார்த்தார்கள். ஆறு விரல்! கண் பார்த்தால் கை செய்ய வேண்டும் என்பார்களே, அன்றைக்கு என் கை செய்துவிட்டது. அந்த அம்மாதான் நம் டாக்டரம்மா. அந்த மாதமே நான் அஸ்தம்பட்டியில் அவருடைய பல் ஆஸ்பத்திரிக்கு, செயற்கை உறுப்பு செய்யும் இந்தக் கூடத்துக்கு வந்து சேர்ந்தேன். இங்கே எல்லாருக்கும் என் பெயர் 'பெயிண்டர்' என்றே நிலைத்துவிட்டது.

பிறகு ஷபானா வந்தாள். உங்களுக்கு அவர் ஷபானா மேடம். எனக்கு இன்னும் 'ஏம்மா ஷபானா'தான், மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மாபேட்டைப் பெண், அவள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நூல் வியாபாரம். அவள் ஸ்கேனர் என்று ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தைச் சுற்றி வந்தால் போதும், முகம் திரையில் வந்து சுழலும். முதல் தடவை பார்த்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். சாமி ஊர்வலம் வந்தால் எழுந்து நிற்பது மாதிரி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னியப்பன் என்று ஒருவர். நாமக்கல்லுக்கு மேற்கே கோழிப்பண்ணை வைத்திருப்பவர். தீவனம் அரைக்கும் மெஷினின் பெல்ட்டில் தலைத்துண்டு மாட்டி இழுத்ததில் இடது காது போய்விட்டது. கேட்பதில் குறை இல்லை. வெளிக்காது மட்டும்தான் இல்லை. டாக்டரம்மா அந்த இடத்தில் எலும்புக்குள் இரண்டு சின்னத் திருகுகளைப் பதித்து, மேலே காந்தம் வைத்திருந்தார். நாங்கள் செய்யும் காதின் பின்னால் எதிர்க் காந்தம் இருக்கும். பக்கத்தில் கொண்டுபோனால் 'டக்' என்று தானே பிடித்துக்கொள்ளும்.

மனிதர் துண்டை எடுக்கவே மாட்டேன் என்றார். இடது பக்கத்தை மூடித் தலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். "சளி புடிச்ச மாதிரி வருசம் முச்சூடும் கட்டிட்டிருக்கறனுங்க" என்று அவரே சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"தங்கச்சி பொண்ணுக்குக் காதுகுத்துங்க. மாமன் மடியிலதான் ஒக்கார வெக்கோணும். குலசாமி முன்னால தலைத்துண்ட அவுத்து இடுப்புல கட்டிட்டுத்தான் ஒக்காரோணும், அதுதான் எங்க மொறை. அத்தன சனம் பாக்கும். 'காதில்லாத மாமன் மடியில காதுகுத்து'ன்னு பேரு வெச்சிருவானுங்க. அது எஞ்சாவுக்குப் பொறவும் போவாதுங்க."

"நீங்க உட்காரலைன்னா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பெரியப்பன் பையன் தயாரா இருக்கறானுங்க. 'நீ கெட, நா ஒக்காந்துக்கறேன்'ங்கறான். தங்கச்சி அழுவுது. 'எம்பொறந்தவன் ஒக்காரலீன்னா எம்புள்ளைக்குக் காதே குத்த மாட்டேன்'னு நிக்குது. நா ஒக்காந்தே ஆவோணுமுங்க. ஆனா இப்படியே ஒக்கார முடியாதுங்க."

"பாப்பாவுக்கு எத்தனை வயசு?" என்றாள் ஷபானா.

முகம் மலர்ந்துவிட்டது மனிதருக்கு. "மூணுங்க. இனியான்னு பேரு. எங்கூடவே பண்ணையிலதான் கெடக்கும். முட்டைய பல்பு வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து நல்லது, கெட்டதுன்னு அதுவே சொல்லிருமுங்க. போன வாரம் எந்துண்ட இழுத்துப் போட்டு, 'காது எங்க மாமா?'ன்னுருச்சு. காக்கா தூக்கிட்டுப் போயிருச்சு சாமின்னேன். அன்னைலிருந்து காக்காயக் கண்டாக் கல்லெடுக்குது."

வேலையை ஆரம்பித்தோம். அவருடைய வலது காதை ஷபானா ஸ்கேன் செய்தாள். திரையில் ஏதோ தட்டினாள். வலது காது இடது காதாகத் திரும்பிவிட்டது! களிமண்ணில் நான் நாலு நாள் மல்லுக்கட்டும் மடிப்பெல்லாம் ஒரு தட்டலில். அச்சையும் மெஷினே செய்து கொடுத்தது. அதில் வார்த்தெடுத்த காதுக்கு நான் நிறம் கொடுத்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அழகாகத்தான் கொடுத்தேன். மடிப்புக்குள் நிழல், விளிம்பில் வெயில் பட்ட கருமை, மச்சம் ஒன்றுகூட வைத்தேன். டாக்டரம்மா தட்டிக்கொடுத்தார். காதுகுத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சென்னியப்பனை வரச் சொன்னோம்.

டக்.

கண்ணாடியில் முன்னால் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். "எங்கம்மா பாத்தா அழுதுருமுங்க" என்றார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெற்றி!

அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? காதைக் கழற்றிக் கையில் எடுத்தார். நேரே அந்த ஜன்னலுக்குப் போனார். காலை வெயில் சுள்ளென்று உள்ளே விழுந்துகொண்டிருந்தது. கட்டை விரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் காதைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெயிலுக்கு நேராகத் தூக்கி மெதுவாகத் திருப்பினார். முட்டை பார்க்கிற கை. அந்தக் கைக்கு எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் பார்க்கும்.

"ஏனுங்க, உள்ள போவலீங்களே."

"எது?" என்றேன்.

"வெளிச்சமுங்க. நல்ல முட்டைன்னா வெளிச்சம் உள்ள பூந்து வெளிய வருமுங்க. இது கல்லாட்டம் நிக்குது."

எனக்குச் சுருக்கென்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நானும் அதையே செய்தேன். "வெயிலுக்கு நேராப் பிடிச்சா எதுவும் அப்படித்தாங்க தெரியும். நாலடி தள்ளி நின்னு பாருங்க, எது எதுன்னு உங்களுக்கே தெரியாது" என்றேன்.

அவர் வாதாடவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றார். "இப்ப ஏங்காதப் பாருங்க" என்றார்.

பார்த்தேன். அவருடைய வலது காதுக்குப் பின்னால் சூரியன். காது முழுக்க மாதுளை முத்து மாதிரி எரிந்தது. விளிம்பில் இளஞ்சிவப்பு, நடுவில் அடர் சிவப்பு, உள்ளே ஒரு நரம்பு கிளை பிரிந்து ஓடுவதுகூடத் தெரிந்தது. பக்கத்தில் அவர் தூக்கிப் பிடித்திருந்த என் காது, தகரத்தில் வெட்டி ஒட்டியது போல இருண்டு கிடந்தது.

தகரம்! அங்கேதான் என் தப்பு. தகரத்துக்கு உள்ளே ஒன்றும் கிடையாது. அதனால் லாரி பெயிண்டர் எல்லா நிறத்தையும் மேலேயே பூசுவான். ஒரு கோட்டு, அதற்கு மேல் இன்னொரு கோட்டு. அதுவும் எதிரே வருகிறவன் முப்பதடி தூரத்தில் பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிற மாதிரி. மனிதத் தோலின் நிறம் மேலே இல்லை, உள்ளிருந்து வருகிறது. இத்தனை நாள் மனித உறுப்புக்கெல்லாம் நான் லாரி பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"இன்னொன்னுங்க" என்றார் சென்னியப்பன், ரொம்பத் தயங்கி. "ஓட்டையக் காணமுங்க."

"என்ன ஓட்டை?" என்றாள் ஷபானா.

"காது குத்துன ஓட்டைங்க. எங்க மாமன் மடியில குத்துனது."

ஷபானா ஓடிப்போய் திரையில் வலது காதைப் பெரிதாக்கினாள். காதின் கீழ்நுனியில், சோணையில், புள்ளியாக ஒரு தூர்ந்த துளை இருக்கத்தான் செய்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஸ்கேன்ல வந்த பிசிறுன்னு நினைச்சு நான்தான் அடைச்சுட்டேங்க."

"அடைச்சிட்டீங்களா! எங்க மாமனுக்குத் தெரிஞ்சாச் சண்டைக்கு வந்துருவாரு கண்ணு" என்று சிரித்தார். "இந்தப் பக்கத்து ஓட்டை அந்தப் பக்கம் மாதிரி நேரா இருக்காது. ரெண்டாவது காதுக்கு நா துள்ளிட்டேன், ஆசாரி கை கீழ போயிருச்சு. ஒரு நெல்லு அளவு கீழ இருக்குமுங்க."

கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிய காது பாதி உண்மைதான் என்று மெஷினுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியவில்லை. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். "பத்து நாள் இருக்கு. ரெண்டு வழி. இதிலேயே ஓட்டை போட்டுக் கொடுத்து விசேஷத்தை முடிச்சுட்டு, நிதானமா வேற செய்யலாம். இல்லைன்னா இப்பவே புதுசு. புதுசு வராமப் போச்சுன்னா எப்படியும் இதுதான். பெயிண்டர், நீங்க சொல்லுங்க."

முதல் வழியைச் சொல்லத்தான் வாய் வந்தது. பதறாத காரியம் சிதறாது என்று பழமொழிகூடத் தயாராக இருந்தது. அதற்குள் சென்னியப்பன், "எதக் குடுக்கறீங்களோ குடுங்க, வெச்சுக்கறனுங்க" என்று சொல்லிக்கொண்டே துண்டை எடுத்துத் தலையில் சுற்ற ஆரம்பித்தார்.

குறை சொல்கிறவரைச் சமாளித்துவிடலாம், நீங்களும் சமாளிப்பீர்கள். 'பரவாயில்லை' என்று சொல்லித் துண்டைச் சுற்றுகிறவரைச் சமாளிக்கவே முடியாது. முப்பதடிக்கு நான் செய்தது போதும். ஆனால் அந்தக் குழந்தை முப்பதடி தள்ளியா உட்காரப் போகிறது? மடியில் உட்காரப் போகிறது.

"புதுசு செய்யலாம்மா" என்றேன்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு பரபரக்கிறது. நிறத்தைச் சிலிக்கானுக்குள்ளேயே கலந்து, மெல்லிசு மெல்லிசாக அடுக்கி வார்க்க வேண்டும் என்பது புரிந்துவிட்டது. நரம்புக்கு என்ன செய்வது? ஷபானா மறுநாள் ஒரு பொட்டலத்தோடு வந்தாள். "அத்தா கடையில இருந்து கழிவுப் பட்டுநூல் கொண்டாந்தேண்ணா. செவப்பு, அரக்கு, ஊதா எல்லாம் இருக்கு." ஒரு இழையைப் பிரித்தால் அது பத்தாகப் பிரிகிறது. அதில் ஒன்றைச் சிலிக்கானுக்குள் வளைத்துப் படுக்க வைத்தேன். நரம்பேதான்! எங்கேயோ ஒரு தறியில் சேலை ஆகியிருக்க வேண்டிய இழை.

ஆனாலும் முதல் வார்ப்பு என்ன ஆயிற்று என்று கேளுங்கள். ஆசை ஆசையாக எடுத்து ஜன்னலில் பிடித்தேன். டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "இது காதா, பீட்ரூட்டா?" என்றார்.

நாலு நாள்தான் பாக்கி. என் கை பழைய புத்தியில் பிரஷ்ஷைத் தேடியது. மேலே ஒரு மஞ்சள் கோட்டு விட்டால் சிவப்பு அமுங்கிவிடும். ஷபானா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"மேல அடிக்காதீங்கண்ணா. உள்ள கொறைங்க."

"எங்க கொறைக்கிறது? எவ்வளவு கொறைக்கிறது? கண்ணுக்குத் தெரியலையேம்மா!"

"எனக்குத் தெரியும், வாங்க."

திரையில் காதை வரவழைத்தாள். எங்கே எத்தனை தடிமன் என்று கணக்குப் போட்டு, மெல்லிய இடம் மஞ்சளாகவும் தடித்த இடம் நீலமாகவும் காட்டச் செய்தாள். பார்த்த உடனே எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும்விட்டேன். பக்கத்து அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர் பயந்து போனாராம். என்ன தெரிந்தது தெரியுமா? வெளிச்சம் எங்கே எவ்வளவு நுழையும் என்பதற்கான வரைபடம் அது! விளிம்பு மெல்லிசு, அங்கே சிவப்பு வேண்டவே வேண்டாம், வெளிச்சமே பார்த்துக்கொள்ளும். சோணை தடிசு, அங்கே உள்ளுக்குள் கொஞ்சம் அதிகம். என் கண்ணுக்கு எட்டாததை அவள் மெஷின் சொன்னது. மெஷின் சொன்ன எண்ணுக்கு என்ன நிறம் என்பதை என் கை சொன்னது. இரண்டு பேரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, டீ ஆறிப்போக, சின்னப் பிள்ளைகள் மாதிரி வேலை பார்த்தோம். துளையை மறக்கவில்லை. ஒரு நெல் அளவு கீழே.

விசேஷத்துக்கு முதல் நாள் காலை சென்னியப்பன் வந்தார். காதைக் கையில் கொடுத்தேன். ஜன்னலுக்குப் போனார். ஒரு கண்ணை மூடினார். திருப்பினார். இன்னொரு தடவை திருப்பினார்.

நாற்காலிக்குத் திரும்பி வந்து, துண்டை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். டக். எழுந்து கும்பிட்டார், படி இறங்கிப் போய்விட்டார்.

"பிடிச்சுதா இல்லையான்னே சொல்லலியே அண்ணா" என்றாள் ஷபானா. நாற்காலியைக் காட்டினேன். துண்டு அதன் மேலேயே கிடந்தது. மறந்துவிட்டுப் போயிருந்தார்.

துண்டைக் கொடுக்கிற சாக்கில் மறுநாள் நானும் ஷபானாவும் காதுகுத்துக்குப் போனோம். வெட்டவெளியில் குலதெய்வக் கோயில். சென்னியப்பன் துண்டை வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். மொட்டை போட்ட இனியாவை மடியில் வைத்தார்கள். அது நிமிர்ந்து பார்த்தவுடன் முதல் வார்த்தை, "காக்கா குடுத்துருச்சா மாமா?"

"குடுத்துருச்சு சாமி. நீ கல்லெடுக்கற பயத்துல குடுத்துருச்சு."

வெயில் அவருக்குப் பின்னால். இரண்டு காதும் ஒன்றுபோலச் சிவந்து எரிந்தன. பெரியப்பன் மகன் இரண்டு தடவை பின்னால் சுற்றி வந்து பார்த்தார். பிறகு என் அருகில் வந்து, "ஏனுங்க, இதுல எதுங்க வெச்சது?" என்றார். "எனக்கும் மறந்து போச்சுங்க" என்றேன்.

ஆசாரி வலது காதைக் குத்தினார். இனியா வீரிட்டாள். வலியில் இரண்டு கையையும் வீசி, கிடைத்ததைப் பிடித்து இழுத்தாள்.

காது அவள் கைக்கு வந்துவிட்டது.

மேளம் பாதியில் நின்றது. தங்கை வாயில் கை வைத்தார். ஷபானா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பசை போட்டு ஒட்டியிருக்கலாமே, பாவி, பசை போட்டு ஒட்டியிருக்கலாமே என்று எனக்குள் ஓடியது. சென்னியப்பனின் கை தானாக இடுப்புத் துண்டுக்குப் போயிற்று. முடிச்சையும் பிடித்துவிட்டார்.

இனியா விம்மிக்கொண்டே கையில் இருந்ததைப் பார்த்தாள். கட்டை விரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்தாள். ஒரு கண்ணை மூட முயன்று, இரண்டையும் மூடி, மறுபடி ஒன்றைத் திறந்தாள். வெயிலுக்கு நேராகத் தூக்கி மெதுவாகத் திருப்பினாள். ஆசாரி காரியக்காரர். அவள் அண்ணாந்திருந்த அந்த நேரத்துக்குள் இடது காதைக் குத்தி முடித்தார். அவள் தோளை மட்டும் ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

சென்னியப்பன் முடிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நல்லதா, கெட்டதா சாமி?"

இன்னொரு சுற்றுத் திருப்பிப் பார்த்தாள். கண்ணீர் இன்னும் மூக்கில் நின்றுகொண்டிருந்தது.

"நல்லது மாமா. வெச்சுக்க."

அவர் தலையைச் சாய்த்துக் கொடுத்தார்.

டக்.